மருந்தடிக்காத வல்லாரை

என் அம்மா வல்லாரையைக் கொல்லும் வேலையில் இருந்தார். மலேசியாவில் பெடாஸ் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் செம்பனை என்ற எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு மரத்தடியிலும் ஓடையோரத்திலும் களைக்கொல்லி தெளிக்கும் பெண்களில் அவர் ஒருவர். எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்கு மருந்தடிப்பு என்று பெயர். கோரை, தொட்டாற்சுருங்கி, வல்லாரை எல்லாமே தோட்டத்துக்குக் களைதான். அந்த வல்லாரை காயத்தை ஆற்றுமா என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று நான் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே கேட்டார்.

“நான் அடிச்சுக் கொல்றதுக்கு நீ போயி பட்டம் வாங்கப் போறியா?”

அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. சிரம்பான் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை, பாரோயில் வாடகை வீடு. நல்ல வேலையை விட்டுவிட்டுக் கீரை ஆராயப் போகிறாளாம் என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். அம்மாவும் கொஞ்சம் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. காரணம் அவருடைய காலில் இருந்தது.

அப்பா செம்பனைக் குலை வெட்டியவர். நீண்ட மூங்கிலில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், வந்த பிறகு ஒருநாள் காலில் ஓலை முள் குத்தியது. அதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. புண் பெரிதாகி, கடைசியில் கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். எடுத்த இடமும் ஆறாமல் மாதக்கணக்கில் இழுத்தது. கட்டு மாற்றுவதற்கு அவரை நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிப் போவேன். அங்கே இருந்த தாதி ஒருநாள் துணியைப் பிரித்தபடியே எனக்கு விளக்கினார். புண் மூடவேண்டுமானால் சுற்றியிருக்கும் நல்ல தோலிலிருந்து செல்கள் கிளம்பி நடுவை நோக்கி நகரவேண்டும். சர்க்கரை கூடிப்போனால் அவை மந்தமாகிவிடும், நகராது.

செல் நகரும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கினேன். தோல் நோய்க்கும் புண்ணுக்கும் வல்லாரையை ஆயுர்வேதம் சொல்கிறது, சித்த மருத்துவமும் சொல்கிறது. மலாய்க்காரர்கள் அதைப் பெகாகா என்று சொல்லிச் சோற்றோடு பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். அதில் இருக்கும் சில பொருள்கள் தோல் செல்களைத் தூண்டுகின்றன என்று உலகத்தின் பல மூலைகளில் ஆராய்ந்து எழுதியிருந்தார்கள். சர்க்கரை நிறைந்த சூழலில் மந்தமாகிப்போன செல்களை அது எழுப்புமா? இதுதான் என் கேள்வி. ரெம்பாவ்காரரான ஒரு மலாய்ப் பேராசிரியை நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “நாளைக்கே சேர்ந்துவிடு” என்றார்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிளாஸ்டிக் தட்டின் அடியில் தோல் செல்களை வளர்ப்போம். அவை பாய் விரித்ததுபோல் படர்ந்ததும், மெல்லிய முனையால் நடுவில் ஒரு கோடு கீறுவோம். அதுதான் காயம். ஒரு தட்டில் வல்லாரைச் சாறு, இன்னொன்றில் சாறு இல்லாத வெறும் திரவம். மறுநாள் எந்தத் தட்டில் கோடு அதிகம் மூடியிருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்போம்.

முதலில் சிரம்பான் சந்தையில் வாங்கிய இலைகளை வைத்துச் செய்தேன். ஒரு தடவை கோடு அழகாக மூடியது. அடுத்த தடவை ஒன்றுமே நடக்கவில்லை. மறுபடி வாங்கி வந்ததைக் கழுவும்போது ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். குடைக்குக் கம்பி இருப்பதுபோல் காம்பு இலையின் நட்டநடுவில் ஒட்டியிருந்தது. வல்லாரைக்குக் காம்பு இலையின் பிளவில்தான் வந்து சேரும். பெகாகா என்ற ஒரே பேரில் வேறு செடியையும் கட்டி விற்றிருக்கிறார்கள். இனி நானே பறிப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் தோட்டத்துக் கோயில் ஓடையோரம் வல்லாரை கம்பளம் போலக் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மோட்டர் சைக்கிளில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, நான் கூடை நிறையப் பறித்தேன். காயவைத்து, அரைத்து, சாறெடுத்துச் செல்களுக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். கைகால் நீட்டிப் படர்ந்திருக்கவேண்டிய செல்கள் உருண்டு சுருங்கி மிதந்துகொண்டிருந்தன. கோடு மூடுவது இருக்கட்டும், கோட்டுக்கு இரண்டு பக்கமும் உயிரே இல்லை. சாற்றின் அளவைக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் செத்தன.

பேராசிரியை வந்து பார்த்தார். தட்டுகளை மாற்றி மாற்றி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “உன் செடி காயத்தை ஆற்றவில்லை. காயம் பட்டவனையே கொன்றுவிட்டது.” என் ஆய்வை மதிப்பிடும் ஆராய்ச்சிக் குழு கூடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு செடி எடுத்துக்கொள்வதானால் இப்போதே சொல்லிவிடு என்றார். கோபம் ஒன்றும் இல்லை, நிஜமான அக்கறையில்தான் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் வலித்தது.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனேன். மனம் கேட்காமல் ஓடைப் பக்கம் நடந்தேன். நான் பறித்த கரை முழுக்கப் பழுப்பாகிக் கிடந்தது. பாலத்திலிருந்து வளைவு வரைக்கும், அளந்து வெட்டினதுபோல் ஒரே நேர்க்கோட்டில் காய்ந்திருந்தது. எதிர்க்கரையில் எல்லாம் பச்சை. எந்த நோயும் இப்படிக் கோடு போட்டு வராது. நின்ற இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். அம்மா பின்பக்கத்தில் வேலை உடுப்பை ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

“மா, கோயில் ஓடைக்கு எப்ப மருந்தடிச்சீங்க?”

“அந்தக் கரைக்கா? போன மாசம். நீயும் அப்பாவும் கூடையத் தூக்கிட்டு அலைஞ்சீங்களே, அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஏன்?”

“நான் அந்தக் கரையிலதான் பறிச்சேன்.”

“ஐயையோ. எங்க பறிச்சேன்னு நீ சொல்லவே இல்லையே லா. அது அடிச்ச ஒடனே சாவாது. பச்சையாத்தான் நிக்கும், அப்புறம் மெதுவா காயும்.” அம்மா துணியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “அப்போ உன் செல்லுங்கள நான்தான் கொன்னேனா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல வாரங்களாக நெஞ்சில் இருந்த பாரம் அந்தச் சிரிப்பில் இறங்கியது. செடியின் மேல் குற்றம் இல்லை! அம்மாவும் சேர்ந்து சிரித்தார். சட்டென்று நிறுத்தினார். ஈரக் கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து வெடித்திருந்தது. அதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியிருந்தேன்.

“ஒரு சொட்டு உன் செல்லயெல்லாம் கொன்னுச்சுன்னா, என் தோல என்னா பண்ணியிருக்கும்?”

மறுநாள் திரும்பும்போது காய்ந்த இலையையும் ஓடை மண்ணையும் கூடவே எடுத்துப் போய், வேறொரு ஆய்வகத்துக்குச் சோதனைக்கு அனுப்பினேன். களைக்கொல்லி இரண்டிலும் இருந்தது. பேராசிரியையிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “அப்படியென்றால் மருந்தடிக்காத இடம் ஒன்றைக் கண்டுபிடி. செடி நான் தருகிறேன்” என்றார். ரெம்பாவில் அவர் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் தலைமுறையாக வளரும் வல்லாரை அது. வேரோடு பிடுங்கி, ஈரத் துணியில் சுற்றி, தானே காடியை ஓட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

மருந்தடிக்காத இடம் என்பது தோட்டத்தில் லேசில் கிடைக்கிற சங்கதி இல்லை. பழைய நாற்றங்கால் ஒன்று இருந்தது. செம்பனைக் கன்று வளர்க்கும் வேலை வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதால், கம்பி வேலியும் கிழிந்த நிழல்வலையுமாக அது பல வருடம் சும்மா கிடந்தது. அங்கே யாரும் பம்பைக் கொண்டுபோனதில்லை என்று அம்மா உறுதியாகச் சொன்னார். மண்ணைச் சோதித்தோம், சுத்தமாக இருந்தது. அந்த இடத்தைக் கேட்பதற்கு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு துணை மேனேஜரிடம் போனார். இளைஞர், மலாய்க்காரர், வந்து அதிக நாள் ஆகவில்லை. தோட்டத்தைப் பார்வையிட மேலிடத்து ஆட்கள் வரும்போது களை வளர்க்கிறோம் என்று சொன்னால் தன் கதி என்ன என்று கேட்டார்.

அம்மா தோட்டத்து மலாயில் பேசினார். அவர் குரல் உயரவே இல்லை.

“என்சிக், நீங்க பொறக்குறதுக்கு முன்னாடியிலருந்து நான் இங்க பம்பு தூக்குறேன். இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இப்ப ஒரு மூலை கேக்குறேன். என் வீட்டுக்காரருக்கு ரெண்டு விரல் போச்சு. இந்தத் தோட்டத்துல இன்னும் எத்தன பேரு கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு நடக்குறாங்கன்னு வாங்க, காட்டுறேன்.”

துணை மேனேஜர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு, “என் அம்மாவுக்கும் இனிப்புநீர்தான்” என்றார். சாவியை எடுத்துக்கொண்டு அவரே எங்களோடு நாற்றங்காலுக்கு வந்து பூட்டைத் திறந்தார். பூட்டு துருப்பிடித்திருந்ததால் கல்லால் அடிக்க வேண்டியிருந்தது.

மருந்தடிப்புப் பெண்கள் எல்லோரும் லீவு நாளில் வந்துவிட்டார்கள். எங்கள் தமிழ்ப் பெண்களோடு இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து வந்து வேலை பார்க்கும் இரண்டு பேரும் வந்தார்கள். வாழ்நாளெல்லாம் களையைக் கொன்றவர்கள் மண்டி போட்டுக்கொண்டு களையை நட்டார்கள். “யாராச்சும் பாத்தா நமக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சின்னு சொல்லுவாங்க லா” என்று ஒருவர் சொல்ல, சிரிப்புச் சத்தம் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டதாம். வல்லாரை கொடி விட்டு ஓடியது. ஈரமும் அரைநிழலும் கிடைத்தால் அதற்கு வேறென்ன வேண்டும்?

பிறகு மாடுகள் வந்தன. செம்பனை மரத்தடியில் மேயவிட்ட மாடுகள் ஒரு மத்தியானம் வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே போய்ப் பாதிப் பாத்தியைத் தின்றுவிட்டன. போனில் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா பின்னாலிருந்து கத்தினார். “அழாத மா. மாடே தேடி வந்து திங்குதுன்னா சுத்தமான சரக்குன்னுதானே அர்த்தம்!” மறுநாளிலிருந்து நாற்றங்கால் வாசலில் நாற்காலி போட்டு, பக்கத்தில் வானொலியை வைத்துக்கொண்டு, கையில் பழைய மூங்கிலோடு அப்பா காவலுக்கு உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததே இல்லை. மாடுகள் தூரத்திலிருந்தே அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

மிச்சப் பாத்தி மறுபடி நிறைந்ததும் அறுத்தோம். இந்த முறை எந்தத் தட்டில் எது என்று எனக்கே தெரியக்கூடாது என்று பேராசிரியை கட்டளை போட்டுவிட்டார். ஆசை கண்ணை மறைக்கும், அளக்கிறவளுக்கு விடை தெரியக்கூடாது என்றார். அதனால் தட்டுகளைத் தயார் செய்தது எங்கள் ஆய்வகத்து இளம் தோழி. தெமியாங்கில் வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண், ஒரு சொட்டு சிந்தாமல் வேலை செய்பவள். சாதாரணத் திரவத்தில் சில தட்டுகள், சர்க்கரை கூடுதலாகக் கலந்த திரவத்தில் சில தட்டுகள், இரண்டிலும் பாதித் தட்டுகளுக்கு மட்டும் வல்லாரைச் சாறு. ஒவ்வொரு மூடியிலும் அவள் ஒரு நிறப்பொட்டு ஒட்டியிருந்தாள். எந்த நிறம் எது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

காலையில் பசியாறாமலே ஆய்வகத்துக்குப் போனேன். முதல் தட்டை வைத்தேன். சிவப்புப் பொட்டு. செல்கள் உயிரோடு இருந்தன. அதற்கே நான் கும்பிட்டுவிட்டேன். ஆனால் நடுவில் கோடு அகலமாக, வறண்ட ஓடை மாதிரி அப்படியே கிடந்தது. அடுத்தது மஞ்சள். அதுவும் அப்படித்தான், கொஞ்சம்தான் குறுகியிருந்தது. நீலப் பொட்டுத் தட்டை வைத்துக் குவியத்தைத் திருகினேன். கோட்டைக் காணவில்லை. தட்டை நகர்த்தித் தேடினேன். பிறகுதான் புரிந்தது, கோடு இருந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கரையிலிருந்தும் செல்கள் புறப்பட்டு வந்து, நடுவில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன.

எல்லாவற்றையும் படம் எடுத்து, அளந்து முடித்த பிறகுதான் தோழியைக் கூப்பிட்டேன்.

“நீலம் எது?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “அக்கா, அது சர்க்கரைத் தட்டு. உங்கட வல்லாரை போட்ட சர்க்கரைத் தட்டு.”

“சிவப்பு?”

“அதுவும் சர்க்கரைதான். வல்லாரை இல்லை. மஞ்சள் சாதாரணத் தட்டு, அதிலயும் வல்லாரை இல்லை.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னை இழுத்து நிற்கவைத்துக் கட்டிக்கொண்டாள். சத்தம் கேட்டுப் பேராசிரியை வந்து, நேராக நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. “மறுபடி செய். மறுபடியும் மறுபடியும் செய். அப்போதும் இதே வந்தால் நாம் உலகத்துக்குச் சொல்லலாம்” என்றார். மறுபடியும் மறுபடியும் செய்தேன். இதே வந்தது.

நீலத் தட்டை முதலில் பார்த்த அன்றைக்கே அம்மாவைப் போனில் பிடித்தேன். தோட்டத்தில் இருந்தார். பம்பு கலகலப்பது கேட்டது.

“மா, மூடிருச்சு.”

“என்னாடி மூடிருச்சு? கிளினிக்கா?”

“காயம் மா! நம்ம வல்லாரை போட்ட தட்டுல காயம் மூடிருச்சு. சர்க்கரை இருந்தும் மூடிருச்சு.”

பம்பைத் தரையில் இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா மற்றப் பெண்களிடம் கத்தினார். “ஏய், நம்ம செடி ஜெயிச்சிருச்சு!” தோட்டத்துக்குள்ளிருந்து குலவைச் சத்தம் போன் வழியாக வந்து என் காதை அடைத்தது.

ஆராய்ச்சிக் குழு முன்னால் நின்ற நாளில் கேள்விகள் கடுமையாகத்தான் வந்தன. முதலில் செல்கள் செத்த கதையையும் கேட்டார்கள். மறைக்காமல் சொன்னேன். கெட்டுப்போன அந்த முயற்சியும் என் ஆய்வின் ஒரு பகுதி, மூலிகையைச் சோதிப்பதற்கு முன்னால் அது வளர்ந்த மண்ணைச் சோதிக்கவேண்டும் என்று சொன்னேன். மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்த மூத்தவர் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். முதுகலைப் பட்டம் கிடைத்தது. அதற்கு மேலே, புண் சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் சிலர் அடுத்த கட்டத்துக்கு எங்களோடு சேர முன்வந்தார்கள். முனைவர் பட்டத்துக்கு அதையே தொடரச் சொன்னார் பேராசிரியை.

தோட்டத்துக்கு வந்து விஷயத்தைத் தமிழில் சொல்லவேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். கோயில் திருவிழாவுக்கு முதல்நாள் சாயங்காலம் மண்டபத்தில் ஏற்பாடு செய்தார்கள். பெடாஸிலும் சிரம்பானிலும் குடியேறிப்போன குடும்பங்கள் திருவிழாவுக்காகத் திரும்பி வந்திருந்தன. உருமி மேளக்காரப் பையன்கள்கூட மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரில் படத்தைக் காட்டினேன். அகலமான கோடு, குறுகிய கோடு, மூடிய கோடு. பேசி முடித்ததும் முதல் வரிசையில் அப்பா கையைத் தூக்கினார்.

“டாக்டரம்மா, அப்போ எனக்கு வெரலு திரும்ப மொளைக்குமா?”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு நேராகவே சொன்னேன். “மொளைக்காது பா. இது இன்னும் தட்டுல இருக்குற செல்லுதான். மனுசக் கால் வரைக்கும் வர இன்னும் ரொம்ப வேல இருக்கு. அதுவரைக்கும் யாரும் பச்ச எலைய அரைச்சுப் புண்ணுல வைக்காதீங்க. கிளினிக்குக்குப் போங்க, கட்டை ஒழுங்கா மாத்துங்க. ஆனா ஒண்ணு, நம்ம தோட்டத்து வல்லாரைதான் அந்த வேலைக்கு அடி எடுத்து வச்சிருக்கு.”

கடைசி வரிசையிலிருந்து துணை மேனேஜர் எழுந்து வந்தார். மலாயில்தான் பேசினார். அடுத்த கட்ட ஆராய்ச்சிக்கு நாற்றங்கால் முழுவதையும் விடுவதற்கு மேலிடம் ஒத்துக்கொண்டது, அதைப் பராமரிக்கத் தனியாக ஆட்கள் போடப்போகிறோம் என்றார். அம்மாவையும் அவர் கூட்டத்துப் பெண்களில் மூன்று பேரையும் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து அவர்கள் பம்பு தூக்க வேண்டியதில்லை.

அம்மா அதை எதிர்பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பெண்கள் தூக்கி நிறுத்த, ஒலிவாங்கியை யாரோ கையில் திணித்தார்கள். மேடையில் பேசி அறியாதவர். ஒலிவாங்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“எனக்கு ஆராய்ச்சியெல்லாம் தெரியாது. ஆனா இந்தப் பொண்ணு கேட்ட செடிய நாங்க வளத்துக் குடுத்தோம். இன்னும் எவ்ளோ வேணும்னாலும் வளத்துக் குடுப்போம்.”

அவ்வளவுதான் பேசினார். உருமிப் பையன்களுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. முதல் அடி விழுந்ததும் மண்டபமே எழுந்துவிட்டது. லொம்போக் பெண்கள் எங்கள் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட, அப்பா ஊன்றுகோலால் தரையைத் தட்டித் தாளம் போட்டார். அம்மா கூட்டத்துக்கு நடுவில் என்னைத் தேடி வந்து, என் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார்.

“ஆடுடி. இன்னிக்கு ஆடாம வேற என்னிக்கு ஆடப் போற?”